ஆகஸ்டில் மலைநாட்டுப் பழைய பாணி ஹோட்டல்: பண்டாரவளையா, நுவரெலியாவா, எதையெல்லாம் கேட்டுவிட்டுப் புக் பண்ணுவது?

வாவிக்கரை எழுதியது:

வணக்கம் உறவுகளே. மாமாங்கத் தீர்த்தம் முடிந்த அடுத்த கிழமை மட்டக்களப்பிலிருந்து வான் ஒன்றில் ஒன்பது பேர் மேலே போகத் திட்டம். இரண்டு இரவு. வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா மாதிரி மரத்தளம், ஃபயர்பிளேஸ், பெரிய கண்ணாடி யன்னல் உள்ள இடம்தான் வேண்டும். புதுக் கொங்கிறீட் ஹோட்டல் வேண்டாம் என்று எல்லாரும் ஒரே பிடி.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வருத்தம். லண்டனிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வருகிறார்கள். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். பண்டாரவளைப் பக்கம் நல்லதா, நுவரெலியாவா? போனில் கேட்கும்போது எதையெல்லாம் கேட்க வேண்டும்? குளிருக்கு என்ன கொண்டு போக வேண்டும்? சித்தி வெள்ளிக்கிழமை மரக்கறிதான், அந்தச் சாப்பாட்டுப் பிரச்சினையும் இருக்கிறது. தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பதுளைவீதி எழுதியது:

தம்பி, ஹோட்டலைத் தேட முதல் காற்றைப் பாருங்கள். ஊரில் கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் மலையின் இரண்டு பக்கமும் இரண்டு காலநிலை. தென்மேற்குக் காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது மழையைக் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் காய்ந்து இறங்குகிறது. மட்டக்களப்பில் உதட்டை வெடிக்க வைக்கிற கச்சானும், ஆகஸ்டில் ஊவாத் தேயிலைக்கு அந்த மணத்தைக் கொடுக்கிற காற்றும் ஒன்றுதான். ஆகவே ஆகஸ்டில் பண்டாரவளை, அப்புத்தளை, எல்லப் பக்கம் வானம் தெளிவாக இருக்கும். நுவரெலியாவில் அதே நாள் மூடுபனியும் தூறலுமாக இருக்கலாம். மார்கழி, தையில் போனால் கணக்கு தலைகீழ். வாடைக்காற்று மழையைப் பதுளைப் பக்கம்தான் இறக்கும்.

குளிர் வித்தியாசமும் சின்னதில்லை. பண்டாரவளை ஏறக்குறைய 1,225 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை குறையும் என்று போட்டுப் பாருங்கள். ஆகஸ்ட் இரவில் பண்டாரவளையில் 16, 17 பாகை, நுவரெலியாவில் 12, 13. ஊர்ச் சூட்டில் வளர்ந்த எழுபது வயது உடம்புக்கு அந்த நாலு பாகை பெரிய விஷயம். என் கணிப்பு: அம்மாவை வைத்துப் பார்த்தால் பண்டாரவளை.

ஆனால் ஊவாப் பக்கத்துக்கும் இரண்டு குறை உண்டு. ஒன்று, அப்புத்தளையிலும் எல்லயிலும் ஆகஸ்ட் காற்று பலமாக அடிக்கும். பழைய யன்னல் சட்டம் தளர்ந்திருந்தால் இரவு முழுக்கக் கடகடக்கும். நாலாய் மடித்த கடதாசித் துண்டைச் சட்ட இடுக்கில் செருகினால் நிற்கும். இரண்டு, அந்த மாதங்களில் அங்கே வரட்சி. மலையூற்றை நம்பியிருக்கிற சின்ன இடங்களில் தண்ணீர் குறையும். "ஆகஸ்டில் தண்ணீர் பவுசரில் வருகிறதா?" என்று நேரே கேளுங்கள்.

பாதை: செங்கலடியால் ஏறி மகா ஓயா, பதியத்தலாவ, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை. பிபிலை வரை ஓட்டம் லேசு. லுணுகலையிலிருந்து வளைவு. பசறை 13ஆம் கட்டைப் பக்கம் பாதை ஒடுங்கும், 2021 மார்ச்சில் பஸ் பள்ளத்தில் போன இடம். அங்கே எதிர் வாகனத்துக்கு இடம் விட்டு நின்றே போக வேண்டும். மகா ஓயாப் பக்கம் பொழுது பட்டால் யானை, ஆகவே விடிய ஐந்தரைக்குப் புறப்படுங்கள். திரும்பி இறங்கும்போது வானை இரண்டாம் கியரில் விட்டு எஞ்சினால் பிடியுங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் பிரேக் சூடேறிக் கரிந்த மணம் வரும், பிறகு மிதித்தாலும் பிடிக்காது. அந்த மணம் வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள். சில்லில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அம்பாறையிலிருந்து வருபவர்களுக்குச் சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய வழியாக எல்லக்கு ஏறுவது சுகம்.

மழை பெய்தால் புறப்பட முதல் 117க்கு எடுத்து மண்சரிவு எச்சரிக்கை உண்டா என்று கேளுங்கள்.

தகரக்கூரை எழுதியது:

பழைய பாணி என்று எழுதியிருப்பதெல்லாம் பழசில்லை. மூன்று வகை இருக்கிறது.

முதலாவது, உண்மையிலேயே அந்தக் காலத்து ஹோட்டல். பண்டாரவளை ஹோட்டல் 1893இல் திறந்தது, பண்டாரவளைக்கு ரயில் வந்து சேர்ந்த காலத்தை ஒட்டி. பித்தளைக் கட்டில்கள் இன்றும் கிடக்கின்றன. நுவரெலியாவின் கிராண்ட் ஹோட்டல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் வீட்டிலிருந்து வளர்ந்தது. அங்குள்ள ஹில் கிளப் 1876இல் தொடங்கியது. இரண்டாவது, வேறு வேலைக்குக் கட்டிப் பிறகு தங்குமிடமானவை: தோட்டத்துத் துரை பங்களாக்கள், கந்தப்பளையில் ஹோட்டலாக்கிய தேயிலைத் தொழிற்சாலை, அப்புத்தளையில் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அதிஷாம். அதிஷாம் இப்போது பெனடிக்ட் துறவிகளின் மடம். ஹோட்டல் உபசாரத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது, அமைதி தாராளம். மூன்றாவது, போன வருடம் கட்டி, கிராமபோன் ஒன்றும் பழைய தையல் மெசினும் வாங்கி வைத்த கட்டடம்.

மூன்றாவதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளோடும் முழங்கால் வருத்தத்தோடும் போகிறவர்களுக்குச் சில நேரம் அதுதான் வசதி. ஆனால் பழசுக்குரிய விலையைக் கொடுத்து அதை எடுக்கக் கூடாது. படத்தில் பிடிப்பது எப்படி: கூரையில் செங்கல் புகைபோக்கி உள்ளதா பாருங்கள். உள்ளே ஃபயர்பிளேஸ் இருந்து வெளியே புகைபோக்கி இல்லை என்றால் அது அலங்காரம். சுவர்த் தடிப்பை யன்னல் பக்கத்தில் பாருங்கள், பழைய கருங்கல் சுவர் ஒன்றரை அடி வரை இருக்கும், யன்னல் படியில் ஆள் உட்காரலாம். மரத்தளப் பலகையின் அகலம் ஒரே அளவாக, ஒரே மினுக்கமாக ஓடினால் அது ஒட்டுப்பலகை.

உண்மையான மரத்தளம் வேண்டும் என்றால் அதன் சத்தமும் சேர்ந்து வரும். மேல்மாடியில் யாராவது ராத்திரி பாத்ரூம் போனால் கீழே படுத்தவருக்கு ஒவ்வொரு அடியும் கேட்கும். பிள்ளைகளை மேலே போட்டு அம்மாவைக் கீழே போட்டால் இரண்டு பேர் தூக்கமும் போச்சு. பக்கத்துப் பக்கத்து அறையாக, ஒரே தளத்தில் கேளுங்கள்.

கீழ்த்தளத்துக்கு இன்னொரு கணக்கு: ஈரம். பழைய கட்டடத்துச் சுவரில் ஈரத்தடுப்பு இல்லாவிட்டால் மண்ணின் ஈரம் ஏறும். தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்துக்கு வெள்ளை உப்புப் பூத்திருக்கும், பெயின்ற் உரிந்திருக்கும். காலை வெயில் விழுகிற கிழக்குப் பார்த்த அறையைக் கேளுங்கள். மலைச் சரிவை முதுகில் வைத்த பின்பக்க அறை வேண்டவே வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைப் பிரிக்க முதல் கட்டில் விரிப்பை உயர்த்தி, உள்ளங்கையை மெத்தையில் அரை நிமிடம் அழுத்தி வையுங்கள். காய்ந்த மெத்தை முதலில் குளிர்ந்து பிறகு கைச்சூட்டுக்கு வரும். ஈர மெத்தை குளிர்ந்தபடியே இருக்கும், கையை எடுத்து மூக்கில் பிடித்தால் பழைய சாக்கு மணம் வரும். அப்படியென்றால் அந்த நேரமே அறை மாற்றச் சொல்லுங்கள். ராத்திரி பத்து மணிக்குச் சொல்லிப் பயனில்லை.

அம்மாவுக்குக் குளியலறை பற்றித் தனியாகக் கேளுங்கள். கால் வைத்த பழைய இரும்புத் தொட்டி படத்துக்கு அழகு, விளிம்போ ஏறக்குறைய இரண்டு அடி உயரம். முழங்கால் வருத்தக்காரர் தாண்டி இறங்க முடியாது. ஒரு வாளியும் கோப்பையும் முக்காலியும் போதும், முன்கூட்டிச் சொன்னால் வைப்பார்கள். சிவப்புச் சீமெந்துத் தரைக்கு மெழுகு பூசித் தேய்த்திருப்பார்கள். காலுறையோடு நடந்தால் சறுக்கும். உள்ளே போட றப்பர் செருப்பு தனியாகக் கொண்டு போங்கள்.

வயர்மேன் எழுதியது:

எல்லாரும் காட்சியைக் கேட்பார்கள், சுடுதண்ணீரைக் கேட்க மாட்டார்கள். சண்டை வருவதோ அதில்தான்.

கணக்கைப் பாருங்கள். அறைக்கு 30 லீற்றர் கீசர், 2 கிலோவாற் கொயில். மலைத் தண்ணீர் 15 பாகையில் வருகிறது, கீசர் 60க்கு ஏற்றுகிறது. அதற்கு முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். 60 பாகைத் தண்ணீரைக் குளிக்கிற சூட்டுக்கு, அதாவது 38க்குக் கலந்தால் மொத்தம் 59 லீற்றர் கிடைக்கும். ஷவர் நிமிடத்துக்கு 8 லீற்றர் ஊற்றினால் ஏழு நிமிடம், அவ்வளவுதான். இரண்டாவது ஆள் சவர்க்காரத்தோடு நிற்பார். அதே தண்ணீரை வாளியில் பிடித்தால் ஆளுக்கு 15 லீற்றர், கிட்டத்தட்ட நாலு பேர் குளிக்கலாம். ஆகவே வாளி கேளுங்கள், அம்மாவுக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும்.

சில பங்களாக்களில் கீசரே இல்லை. பின்னால் விறகில் கொதிக்கிற பொயிலர், காலையும் மாலையும் இரண்டு மணித்தியாலம்தான் வரும். நேரத்தைக் கேட்டு வையுங்கள். குழாயைத் திறந்ததும் சுடு வரவில்லை என்று மூடிவிடாதீர்கள். பொயிலர் தூரத்தில் இருந்தால் குழாய்க்குள் நிற்கிற பச்சைத் தண்ணீர் போய் முடிய இரண்டு, மூன்று நிமிடம் எடுக்கும். சுவரில் மாட்டுகிற உடனடிச் சூடாக்கி இருந்தால் வேறு சிக்கல்: தண்ணீர் அழுத்தம் குறைந்தால் அது ஒன் ஆகாது. மேல்மாடியில், கூரைத் தண்ணீர்த் தாங்கிக்கு நேர் கீழே உள்ள அறையில் அடிக்கடி நடப்பது இது. ஷவர் தலையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், துளை அடைத்திருந்தால் அதிலேயே சரியாகும்.

பிளக்: பழைய கட்டடத்தில் உருண்டைக் கால் சொக்கற் இரண்டு அளவில் இருக்கும். சின்னது 5 அம்பியர், பெரியது 15 அம்பியர். உங்கள் போன் சார்ஜர் சதுரக்கால். அடாப்டர் இரண்டு கொண்டு போங்கள். சின்னச் சொக்கற்றில் போன் மட்டும்தான். 2000 வாற் கேத்தலோ ஹீற்றரோ கிட்டத்தட்ட 8.7 அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் சொக்கற்றில் அடாப்டர் போட்டுக் குத்தினால் முதலில் பிளக் இளகும், பிறகு மணக்கும், சுவருக்குள் ஓடுகிற பழைய வயர் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய கூரைக்குள் இருப்பது காய்ந்த பலகை.

மருதமுனையான் எழுதியது:

வயர்மேன் காக்கா சொன்னதோடு ஃபயர்பிளேஸையும் சேர்க்கிறேன். "ஃபயர்பிளேஸ் இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள். "இந்த வருடம் எரித்தீர்களா? விறகுக்குத் தனிக் காசா? அறைக்குள்ளா, ஹோலிலா?" இந்த மூன்றையும் கேளுங்கள். புகைபோக்கியைத் தகரத்தால் மூடி, உள்ளே சிவப்பு பல்ப் போட்ட இடங்களும் உண்டு.

எரிக்கிற இடம் என்றால் ஆளைக் கூப்பிட்டு மூட்டச் சொல்லுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். புகைவழியில் ஒரு இரும்புக் கதவு இருக்கும், சங்கிலியோ கைபிடியோ இழுத்தால் திறக்கும். அது மூடியிருந்தால் மொத்தப் புகையும் அறைக்குள். திறந்த பிறகு ஒரு ஊதுபத்தியை ஃபயர்பிளேஸின் வாய்க்குக் கிட்டப் பிடியுங்கள். புகை மேலே இழுபட்டால் சரி. அறைக்குள் மடங்கி வந்தால் புகைபோக்கிக்குள் குளிர்காற்று குந்தியிருக்கிறது என்று அர்த்தம். பழைய பேப்பரை முறுக்கிப் பற்றவைத்து, புகைவழியின் கழுத்துக்குக் கிட்ட ஒரு நிமிடம் பிடித்தால் குழாய் சூடாகி இழுவை பிடிக்கும். காற்று வருகிற பக்க யன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து விடுங்கள். நெருப்புக்குப் போகிற காற்று எங்கிருந்தாவது வர வேண்டும்.

விறகு பெரும்பாலும் டர்பன்டைன், அதாவது யூக்கலிப்டஸ் மரம். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது "ணங்" என்னும், ஈரம் "தொப்" என்னும். ஈரக்கட்டை எரியாது, வேகும். முனையில் நுரை தள்ளிச் சீறும், கண் எரியும். திறந்த நெருப்பு மணித்தியாலத்துக்கு இரண்டு, மூன்று கிலோ தின்னும், அதில் பெரும்பங்குச் சூடு மேலே போய்விடும். முன்னால் இருப்பவருக்கு முகம் சுடும், பின்னால் முதுகு குளிரும். அந்த நெருப்பு இழுக்கிற காற்றால் பக்கத்து அறை முன்பைவிடக் குளிரும். ஆகவே இது பார்க்க, கதைக்க, பிள்ளைகள் சோளம் சுட. படுக்கை சூட்டுக்கு இதை நம்பாதீர்கள்.

படுக்கப் போகும்போது தணல் இருக்க அந்த இரும்புக் கதவை மூடக் கூடாது. தணலிலிருந்து வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கரிச்சட்டியை அறைக்குள் வைப்பதும் அப்படித்தான், எவ்வளவு குளிர் என்றாலும் வேண்டாம்.

படுக்கைக்குச் சுடுதண்ணீர்ப் பைதான் சரி. மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, நெஞ்சோடு அணைத்துக் காற்றை வெளியேற்றி மூடி, துவாயில் சுற்றி, படுக்க இருபது நிமிடம் முதல் கால்மாட்டில் போர்வைக்குள் வையுங்கள். கொதி தண்ணீர் ஊற்ற வேண்டாம். நம் ஊர்க்காரர் செய்கிற பிழை, இருக்கிற கம்பளி எல்லாவற்றையும் மேலே போடுவது. ஒன்றை மெத்தைக்கு மேல் விரித்து அதன்மேல் படுங்கள். பழைய மெத்தையில் குளிர் கீழிருந்துதான் ஏறும். எங்கள் ஊர் நெசவுச் சாரன் அருமையானது, ஆனால் நுவரெலியாவுக்கு அது மட்டும் போதாது. சொல்லிவிட்டேன்.

சாப்பாடு: சித்தியின் வெள்ளிக்கிழமைக்கும் சரி, எங்கள் ஆக்களின் ஹலாலுக்கும் சரி, "மரக்கறி உண்டா? ஹலாலா?" என்று மட்டும் கேட்டால் போதாது. பன்றி பொரித்த எண்ணெய்ச் சட்டி வேறா, மரக்கறி சூப்புக்கு அடியில் கோழித் தண்ணீர் ஊற்றுகிறார்களா, சம்பலுக்கு மாசிக் கருவாடு போடுகிறார்களா என்று கேளுங்கள். மாசியை மரக்கறியாக நினைக்கிற சமையல்காரர்கள் தாராளம்.

வாவிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இன்னும் இரண்டு: சித்தப்பா ஆக்களுக்கு வெளிநாட்டு விலை போடுவார்களா? அம்மா ஊரிலிருந்து மீனும் அரிசியும் கட்டிக்கொண்டு வரப் போவதாக நிற்கிறா. ஒரு தோட்டப் பங்களாவில் சமைக்கலாம் என்று சொன்னார்கள்.

தகரக்கூரை எழுதியது:

பிரித்தானியப் பாஸ்போர்ட் என்றால் அனேகமாக டொலர் விலைதான். உள்ளூர் விலைக்கு அடையாள அட்டை கேட்பார்கள், உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எல்லாரும் மறக்காமல் கொண்டு வாருங்கள். எந்த அறையில் யார் என்று பெயரோடு வாட்ஸ்அப்பில் எழுதி, ஒவ்வொரு அறைக்கும் விலையை எழுத்தில் வாங்குங்கள். போய் நின்றுகொண்டு கவுண்டரில் வாதாட வேண்டி வராது.

விலை சொல்லும்போது "பிளஸ் பிளஸ்" என்றால் கவனம். உதாரணத்துக்கு 20,000 ரூபா பிளஸ் பிளஸ் என்றால் 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து 22,000. அதன்மேல் 18 வீதம் வற் வரி சேர்ந்து 25,960. வேறு சிறு அறவீடுகளும் ஏறலாம். "எல்லாம் சேர்த்து கையில் எவ்வளவு?" என்று கேளுங்கள். மலையில் ராத்திரிக் கடை நேரத்தோடு பூட்டும், ஆகவே இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்ந்த எச்.பி. எடுப்பது நல்லது. மத்தியானம் வெளியில்.

ஹில் கிளப் மாதிரி இடத்தில் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் கேட்கலாம். சித்தப்பா சந்தோசப்படுவார், மற்ற ஆம்பிளைகளைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மருதமுனையான் எழுதியது:

அம்மாவைத் தடுக்காதீர்கள், முறையாகக் கட்டச் சொல்லுங்கள். மீனைக் குடல் எடுத்து, கழுவி, தண்ணீர் வடித்து, ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் ஒரு படை ஐஸ் ஒரு படை மீன், கிலோவுக்குக் கிலோ ஐஸ். துண்டு போட்ட மீன் ஐஸ் தண்ணீரில் ஊறினால் சப்பென்று போகும். முழு மீனாகக் கொண்டு போய் அங்கே வெட்டுங்கள். மூடியைச் சுற்றி ரேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் லுணுகலை வளைவில் வானுக்குள் ஒழுகும், அந்த மணம் ஊர் திரும்பும்வரை போகாது. பங்களாச் சமையலறையைத் தவிர அறைக்குள் பெட்டியைக் கொண்டு போக வேண்டாம்.

அரிசிக்கு ஒரு விஷயம். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், பண்டாரவளையில் 96. கொதிக்கிறது என்று பார்த்து ஊர் நேரத்துக்கு இறக்கினால் நடு அரிசி நிற்கும். சிவப்பரிசி என்றால் முதலே ஊறப் போட்டு, தண்ணீர் கூட்டி, வழமையை விடக் கொஞ்ச நேரம் கூட விடுங்கள். பருப்பும் கடலையும் குக்கரில்தான், திறந்த சட்டியில் வைத்தால் மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு. கொண்டு போகிற முறுக்குப் பைக்கற்றுகள் பலூன் மாதிரி ஊதி நிற்கும், பழுதென்று எறிய வேண்டாம், மேலே காற்றழுத்தம் குறைவு, அவ்வளவுதான்.

வயர்மேன் எழுதியது:

ஒன்று விடுபட்டது. பங்களாக்காரரிடம் கரண்ட் போனால் ஜெனரேற்றர் எதற்கெல்லாம் ஓடும் என்று கேளுங்கள். அனேக இடத்தில் லைற்றுக்கும் ஃபிரிட்ஜுக்கும் மட்டும்தான், கீசருக்கு இல்லை. பின்னேரம் போய்ச் சேர்ந்ததும் கரண்ட் இருக்கும்போதே கீசர்களைப் போட்டுவிடுங்கள். அம்மாவின் மீன் பெட்டியை ஃபிரிட்ஜுக்கு மாற்றுவதும் அந்த நேரமே.